எட்டாவது ஆளு

வா மருமவனே, வா. கட்டில்ல உக்காரு. அந்தப் பக்கம் கயிறு தொஞ்சு கெடக்கு, இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. ஏற்கெனவே தொஞ்சு போயி வந்திருக்க. கட்டிலும் சேந்து உன்ன இழுக்க வேண்டாம்.

அது என்னடா இடுப்புக்குள்ள, வண்டு மாதிரி உறுமுது? போனா? எடுத்துப் பேச வேண்டியதுதான? ஓகோ, பேச மாட்டியோ. நீ வந்து ஒரு சொம்பு தண்ணி குடிக்கல, அதுக்குள்ள நாலு தடவ உறுமிட்டுது; நீயும் நாலு தடவ இடுப்பத் தடவிட்ட. உங்க அத்த உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு, "மருமவப்பிள்ளைக்கு வயித்துவலி போலிருக்கு, ஓமத்தண்ணி போடவா"ன்னு கேக்கா. இந்த வலி ஓமத்தண்ணிக்குக் கேக்காதுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருக்கு.

சரி, எம்புட்டு?

கொஞ்சமா? கொஞ்சம்னு ஒரு நோட்ட ரிசர்வ் பேங்கு இன்னும் அடிக்கல. அந்தா சுவத்துல தொங்குதுல்ல காலண்டரு, போன மாசத் தாளக் கிழி. பின்பக்கம் வெள்ளையா இருக்கும். யார் யாருக்கு, எம்புட்டு, என்ன வட்டி, மாசம் என்ன கட்டுத... நாலு கோடு போட்டு எழுது. கடன் பேய் மாதிரிடா. மனசுக்குள்ள இருக்க வரைக்கும் பனை ஒசரத்துக்கு நிக்கும். தாள்ல எறக்கிட்டா அதுக்கும் ஒரு தல, ஒரு வாலு வந்திரும்.

என்னடா இது, அரை மணி நேரமா எழுதுத. பத்தாங்கிளாசுப் பரீட்சையில இப்படிக் குனிஞ்ச தல நிமிராம எழுதியிருந்தா இந்நேரம் தாசில்தாரு ஆயிருப்பியே. குடு இங்க. ஒண்ணு, கிரெடிட் கார்டு 50,000. ரெண்டு, பைக்குத் தவணை பாக்கி 45,000. மூணு, போன்ல வாங்குன ஆப்புக் கடன் 15,000. இதுக்கு 'ஆப்பு'ன்னு பேரு வச்சவன் ஞானிடா! நாலு, தண்டல் 10,000. அஞ்சு, டவுன்காரர்ட்ட அஞ்சு வட்டிக்கு 60,000. ஆறு, அடகுக்கடையில நகை, ரெண்டு வட்டிக்கு 70,000. ஏழு, உம் பொண்டாட்டி பேருல குழுக்கடன் 40,000. கூட்டுனா 2,90,000.

ஏழு பேருதானா? நல்லா யோசிச்சுப் பாத்தியா? சரி, நீ ஏழுன்னு சொன்னா ஏழு.

இப்ப மாசக் கட்ட வாசிக்கேன், கேளு. கார்டுக்கு 2,500. பைக்குக்கு 3,200. ஆப்புக்கு 3,000. தண்டல் நாளுக்கு 100 வீதம் 3,000. அஞ்சு வட்டிக்கு 3,000. அடகு வட்டி 1,400. குழுவுக்கு 2,400. ஆக 18,500. மில்லுல உனக்குச் சம்பளம் எம்புட்டு? 18,000. அடேயப்பா! கர்ணன்கூட கவச குண்டலத்தோட நிறுத்திக்கிட்டான். நீ வாங்குதது அம்புட்டையும் குடுத்துட்டு, மேக்கொண்டு 500 ரூவா போட்டுக் குடுக்கியே! அந்த 500 எங்க இருந்து வருது? இன்னொரு ஆப்புல இருந்தா? ஆக, ஆப்பப் புடுங்க இன்னொரு ஆப்பு அடிக்க. தீப்பெட்டி ஆபீசுல அந்தப் புள்ள கட்டை அடுக்கி வாங்குத 6,000த்துலதான் வீட்டுல அடுப்பு எரியுது. அப்படித்தான?

இதுல பாதி, மவ காதுகுத்துக்கு வாங்குனதுன்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல இருந்து மண்டபம் வரைக்கும் பேனரு. அதுல நீ கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு போன்ல பேசுத மாதிரி போஸு. அன்னைக்கி போஸு குடுத்தப்போ காதுல வச்ச போன, இன்னைக்கி இடுப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க. குத்துனது என்னமோ அந்தப் பச்சப் புள்ளைக்கு, வலிக்கது உனக்கு. கோவிச்சுக்காத. நான் உங்க அம்மாவுக்குத் தம்பி. உன்னக் கேலி பேச எனக்கு மொற இருக்கு.

சரி, இப்ப ஒண்ணு கேக்கேன். சம்பளம் கையில வந்தா மொதல்ல யாருக்குக் கட்டுவ?

தண்டக்காரருக்கா? ஏன்? வாசல்ல வந்து நிக்காரு. அடுத்து? ஆப்புக்காரன். ஏன்? போன்ல ஏசுதான். அடுத்து குழு, எல்லாப் பொம்பளைகளும் திண்ணையில வந்து உக்காந்துருதாக. கார்டு? அதுக்குக் குறைஞ்ச தொகை மட்டும். ஏன்னா அது மெசேஜ்தான் அனுப்புது. புரியுதாடா உன் கணக்கு? நீ கடனக் கட்டல மருமவனே. சத்தத்துக்குக் கூலி குடுக்க. யாரு கூடச் சத்தம் போடுதானோ அவனுக்கு மொதப் பந்தி. சத்தம் போடாதவனுக்குப் பொறவு பாக்கலாம்.

ஆனா வட்டி இருக்கே, அது சத்தம் போடாது. கரையான் மாதிரி. அந்தக் கார்டையே எடு. 50,000 பாக்கி. மாசம் மூணரை வட்டின்னு வையி, 1,750. வட்டிக்கு மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அது 315. ஆக 2,065. நீ கட்டுத 2,500ல அசல்ல கழியுதது 435 ரூவாதான். இதுக்கு 'மினிமம் டியூ'ன்னு பேரு. மரியாதையாப் பேசி, மெசேஜ்ல வணக்கம் சொல்லி, மாசாமாசம் உன் தோல உரிக்கான். தண்டக்காரர் கத்துதாரு, ஆனா அவரு கடன் நூறு நாள்ல முடிஞ்சு போகும். அவரும் லேசுப்பட்டவரு இல்ல. கையில குடுத்தது 8,500, வாங்குதது 10,000. நாளாக நாளாக அசல் கொறஞ்சுக்கிட்டே வருதத வச்சுப் பாத்தா, வருசக் கணக்குல அது நூத்துக்கு நூறத் தாண்டிரும். ஆனா முடியுத கடன். முடிஞ்ச அன்னைக்கி, "அண்ணாச்சி, திருப்பிப் போடவா?"ம்பாரு. அங்கதான் நீ ஊமையா இருக்கணும்.

ஆக, மொதப் பாடம் இதுதான். தாள்ல இருக்க ஏழு பேரையும் சத்தத்த வச்சு வரிசைப்படுத்தாத, வட்டிய வச்சு வரிசைப்படுத்து. எல்லாருக்கும் கட்ட வேண்டியதக் கட்டிட்டு, மிச்சம் நூறு ரூவா நின்னாலும் கூட வட்டிக்காரன் அசல்ல கொண்டு போயிப் போடு. அவன் தலை உருண்டதும் அவனுக்குக் கட்டுன தவணைய அப்படியே அடுத்தவன் தலையில எறக்கு.

ராவோட ராவா திருப்பூருக்குப் பஸ் ஏறிருவோமான்னு ஒரு நெனப்பு இருக்கும். மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. நான் பஸ் ஏறல, படப்புக்குள்ள ஏறுனேன். அந்தக் கதையக் கேளு. ஒரு வருசம் பருத்தி பூராவும் புழு தின்னுட்டுது. கமிஷன் கடை மொதலாளிட்ட விதைக்கும் உரத்துக்கும் வாங்குன கடன் அப்படியே நிக்கி. அவரு சைக்கிள் மணி தெருமுக்குல கேட்டதும், நான் கொல்லையில இருந்த கம்பந்தட்டைப் படப்புக்குள்ள பூந்துட்டேன். "அவுக ஊர்ல இல்ல"ன்னு உங்க அத்த வாசல்ல சொல்லிக்கிட்டிருக்கா. உள்ள ஒரு தேளு, என்னையும் கடன்காரன்னு நெனச்சுதோ என்னமோ, தொடையில ஒரே போடு. நான் போட்ட கூப்பாட்டுல ஊரே கூடிட்டுது. அப்புறம் என்னைய சைக்கிள் கேரியர்ல வச்சு அஞ்சு மைலு ஆசுபத்திரிக்கு மிதிச்சது யாருங்க? அந்த மொதலாளிதான்! மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லுதாரு, "ஏலே, செத்துகித்துப் போயிராதடா, எம் பணம் போயிரும்."

அன்னைக்கித் தெரிஞ்சுது. கடன் குடுத்தவனுக்கு நம்ம உசுரு மேல நம்மளவிட அக்கறை. ஓடுதவன்ட்ட இருந்து ஒண்ணும் வராது, உக்காந்து பேசுதவன்ட்ட இருந்து ஏதாவது வரும்னு அவனுக்கும் தெரியும். ஆசுபத்திரித் திண்ணையிலயே பேசி, ரெண்டு வெள்ளாமைக்குப் பிரிச்சுக் கட்டுதேன்னேன். சரின்னுட்டாரு. தேளு கொட்டாமலே அந்தப் பேச்சப் பேசியிருக்கலாம்.

ஆக, நீ போயிப் பேசு. சும்மா இல்ல, இந்தத் தாளோட. பேங்குக்கு எழுதிக் குடு: சம்பளம் இது, பாக்கி இது, மாசம் இம்புட்டுத்தான் முடியும், கார்டு பாக்கியத் தவணையா மாத்திக் குடுங்கன்னு. தவணையா மாத்துனா வட்டி பெரும்பாலும் கொறையும். மாத்துன கையோட கார்டக் கத்திரிக்கோலுக்குக் குடுத்துரு.

அதுக்கும் வழியில்லன்னா 'செட்டில்மென்ட்'டுன்னு ஒண்ணு இருக்கு. மொத்தப் பாக்கியில ஒரு பங்க ஒரேயடியாக் கட்டுதேன், மிச்சத்த விட்டுருங்கன்னு பேசுதது. பேங்குக இப்படிச் சமரசம் பண்ணிக்கிடுததுக்கு ரிசர்வ் பேங்கு 2023 சூன்ல ஒழுங்குமுறையே போட்டிருக்கு. ஆனா போன்ல பேசுத பையன் வாய் வார்த்தைய நம்பிப் பணத்தப் போட்டுராத. பேங்கு லெட்டரு கைக்கு வந்த பொறவுதான் ரூவா. கட்டி முடிச்சதும் 'பாக்கி இல்ல'ன்னு சீட்டு. இல்லன்னா ரெண்டு வருசம் கழிச்சு மிச்சத்தக் கேட்டு வேறொருத்தன் வருவான்.

என்ன முழிக்க? சிபில்ல 'செட்டில்டு'ன்னு எழுதிருவானா? ஆமா, எழுதுவான். பல வருசத்துக்கு அது நிக்கும். எவனும் லேசுல கடன் தர மாட்டான். அட கிறுக்கா, உன் நெலமைக்கு அது சாபமா வரமா? குடிகாரனப் பாத்து 'பத்து வருசத்துக்கு உனக்கு எந்தக் கடையிலயும் ஊத்த மாட்டாக'ன்னு சொன்னா, அவன் பொண்டாட்டி பொங்க வைப்பாடா! ஆனாலும் வீடு கட்டுதது, புள்ளைக படிப்புன்னு நாளைக்கி ஒரு நல்ல கடன் தேவைப்படும். அதனாலதான் சொல்லுதேன், மொதல்ல தவணை மாத்து. செட்டில்மென்ட கடைசியில வையி. பேப்பர்ல "உங்க கடனப் பாதியாக் கொறைச்சுத் தாரோம், மொதல்ல பீஸு கட்டுங்க"ன்னு ஒருத்தன் விளம்பரம் போட்டிருந்தா, அவன எட்டாவது கடங்காரனாச் சேத்துக்கிடாத.

அடுத்து நகை. மூணு பவுனு. தாலிச்செயின் ரெண்டு, ஒரு சோடி வளையல் ஒண்ணு. எப்ப வச்ச? விலை கொறைவா இருந்த காலத்துல வச்சது, இன்னும் அதே 70,000த்துக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்க. இன்னைக்கி ஒரு பவுனு விலை எழுபதாயிரத்தத் தாண்டிப் போயி ரொம்ப நாளாச்சு. ரெண்டு லட்சத்துக்கு மேல பெறுமானமுள்ள பொருள ரெண்டு வட்டிப் பொட்டிக்குள்ள பூட்டி வச்சிட்டு, வெளிய வந்து அஞ்சு வட்டிக்கு அழுதுக்கிட்டு நிக்க. பசுமாட்ட பக்கத்து வீட்டுத் தொழுவுல கட்டிட்டு, பாலுக்குக் கடன் சொல்லுத கதை.

அந்த வளையல வித்துரு. அடகுல இருக்கத மீட்டு அங்கயே விலை பேசி எடுக்குத கடைக இருக்கு. ஒரு கடையோட நிறுத்தாம மூணு கடையில எடை போடு, கழிவு எம்புட்டுன்னு கேளு. வளையல்ல அடகுக் கடன் முடிஞ்சுதுன்னா செயினு வெளிய வந்திரும். அந்தச் செயினக் கூட்டுறவு சங்கத்துலயோ பேங்குலயோ வச்சா நூத்துக்கு மாசம் ஒரு ரூவாக்கும் கீழதான் வட்டி. அதுல 60,000 எடுத்து அஞ்சு வட்டிக்காரர் மொகத்துல... சரி, மொகத்துல வேண்டாம், கையிலயே குடு. மாசம் 3,000 போன எடத்துல 500 போகும். அடகு வட்டி 1,400 இல்லவே இல்ல.

நில்லு, எந்திரிச்சு ஓடாத. அது உன் நகையா? அந்தப் புள்ள நகை. கல்யாணத்துக்கு அவ அப்பன் போட்டது. வைக்கும்போது கேட்டியா? "கேக்கல மாமா, பீரோவுல இருந்து எடுத்தேன்"னு சொல்லுத. இப்ப என்ன சொல்லி வச்சிருக்க? பாலிஷ் போடக் குடுத்திருக்குன்னா! ரெண்டு வருசமாவா பாலிஷ் போடுதான்? மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்துக்கே இம்புட்டு நாளு எடுக்காதேடா. மஞ்சக் கயிறோட தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? சிவில் நடைமுறைச் சட்டம்னு 1908ல வெள்ளைக்காரன் போட்டது. அதுல கடனுக்கு ஜப்தி பண்ணக் கூடாததுன்னு ஒரு பட்டியல் இருக்கு. கட்டுன துணி, சமைக்குத பாத்திரம், படுக்கை, தொழில் ஆயுதம். அதோட, மத வழக்கப்படி பொம்பள கழட்டக் கூடாத நகை. வெள்ளைக்காரனே தொட யோசிச்சத நீ பீரோவத் தொறந்து எடுத்துட்டியே! இன்னைக்கி ராத்திரி இந்தத் தாள அவ முன்னால வையி. வளையல விக்கதும் செயினத் திருப்பி வைக்கதும் அவ வாயால வரணும்.

சட்டமெல்லாம் எப்படித் தெரியும்னா பாக்க? பருத்தி போன பொறவு கோர்ட்டு வாசல்ல இருபது வருசம் டீக்கடை போட்டேம்லா. வக்கீலும் குமாஸ்தாவும் பாக்கி வைப்பாக. காசாத் தராதவுகள்ட்ட சட்டமா வாங்கிக்கிட்டேன்.

அதனால கோர்ட்டுன்னு சொன்னா நடுங்காத. நாளைக்கி ஒருத்தன் கேசு போட்டு டிக்ரி வாங்கி, உன் சம்பளத்துல கை வச்சா எம்புட்டு எடுக்க முடியும் தெரியுமா? மொத 1,000 ரூவாயத் தொடக் கூடாது. மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கத் தொடக் கூடாது. உன் 18,000ல அதிகபட்சம் 5,666 ரூவா. அதுவும் ஒரு டிக்ரிக்கு 24 மாசந்தான். பி.எப். பணத்துலயும் கை வைக்க முடியாது. இப்பச் சொல்லு. கோர்ட்டு புடுங்குனா 5,666. நீயா எடுத்துக் குடுக்கது 18,500. உனக்குக் கோர்ட்டு கொடுமைக்காரனா, நீயா?

ஆனா ஒண்ணு. எழுதாத செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்தியா டவுன்காரர்ட்ட? குடுத்திருக்க. தல தலயா அடிச்சுக்கிடணும் போல இருக்கு. செக்கு திரும்புனா அது வேற சட்டம், ரெண்டு வருசம் ஜெயிலு வரைக்கும் போகும். நோட்டீசு வந்தா 15 நாளுக்குள்ள பணத்தக் கட்டணும், பரண்ல போட்டு வைக்கக் கூடாது. அஞ்சு வட்டிக்காரருக்குக் கடைசி ரூவா குடுக்கும்போது ஒரு கையில பணம், மறு கையில புரோநோட்டும் செக்கும். வாங்கி அங்கயே கிழி. "பொறவு தாரேன் தம்பி"ன்னா பணமும் பொறவுதான்.

தர மாட்டேன்னு மெரட்டுனா? கந்துவட்டிக்குன்னே 2003ல நம்ம சர்க்கார் தடைச் சட்டம் போட்டிருக்கு. தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு பேரு சொல்லியே எழுதியிருக்கான். மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, 30,000 வரைக்கும் அபராதம். கடன் வாங்குனவனே கோர்ட்டுல பணத்தக் கட்டிட்டு, முடிச்சு வையிங்கன்னு மனுப் போடவும் அதுல வழி இருக்கு. வலுக்கட்டாயமா வசூல் பண்ணுத கம்பெனிகளுக்குன்னு 2025ல இன்னொரு சட்டமும் வந்திருக்கு.

இந்த எடத்துல நான் சிரிக்கல மருமவனே. 2017 அக்டோபர்ல, நம்ம திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுல, கந்துவட்டிக் கொடுமைன்னு ஒரு குடும்பமே உசுர விட்டுது. ரெண்டு பச்சப் புள்ளைகளோட. அந்தச் சேதி வந்த அன்னைக்கி நான் கடைய அடைச்சிட்டேன். சாமத்துல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது அந்த மாதிரி ஒரு நெனப்பு ஓரமா எட்டிப் பாத்துதுன்னா, எந்த நேரமானாலும் இந்தக் கதவத் தட்டு. தட்ட வெக்கமா இருந்தா 104க்கோ 14416க்கோ போனப் போடு, மனுசங்க பேசுவாக. 2,90,000த்துக்கு ஒரு உசுரு எழுதிக் குடுக்க முடியாது. உனக்கு அந்த உரிமை இல்ல. உன்னத் தூக்கி வளத்ததுல எனக்கும் பங்கு இருக்கு.

கண்ணத் தொடை. அத்த காப்பி கொண்டாரா.

இந்தா, மறுபடியும் உறுமுது. யாரு, ஆப்புக்காரனா? மணி என்ன, ஏழரையா? சாயங்காலம் 7 மணிக்கு மேல, காலம்பற 8 மணிக்கு முன்னால வசூல்காரன் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்கு 2022லயே சொல்லியாச்சு. உன் போன்ல இருக்க நம்பர்களையும் போட்டோவையும் ஆப்புக்காரன் எடுக்கவும் கூடாது. எந்தெந்த ஆப்பு மொறையான கம்பெனிக்குப் பின்னால நிக்குதுன்னு ரிசர்வ் பேங்கு வெப்சைட்டுலயே பட்டியல் இருக்கு; பாரு. மொறையான ஆளுன்னா, அந்தக் கம்பெனிக்கு எழுத்துல புகார் குடு. 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்கு ஓம்புட்ஸ்மேன்ட்ட போகலாம், காசு கெடையாது. வெவரம் கேக்க 14448. போட்டோவ மாத்தி அனுப்புவேன்னு மெரட்டுத திருட்டுப் பயன்னா, நேரா 1930, சைபர் போலீசு.

பைக்கையும் சொல்லிருதேன். மில்லு மூணு மைலு. அதுக்கு விமானம் மாதிரி ஒரு வண்டி, மாசம் 3,200. அத வித்து, கம்பெனி பாக்கியக் கட்டி, வண்டிப் புத்தகத்துல இருந்து கம்பெனி பேர எடுத்துக் குடுத்துரு. பழைய டி.வி.எஸ். 50 ஒண்ணு பாத்துத் தாரேன். பொண்ணுக திரும்பிப் பாக்க மாட்டாகதான். உனக்குக் கல்யாணம் ஆயி எட்டு வருசம் ஆச்சுங்கத ஞாபகப்படுத்துதேன்.

என்ன கேட்ட? ஐ.பி. குடுத்துரவா? மஞ்சக் கடுதாசியா? ஆசையப் பாரு. அது பெரிய மொதலாளிமாரு பண்டிகைடா. அந்தத் திவால் சட்டம் 1920ல போட்டது. 500 ரூவா கடன் இருந்தாலே மனுக் குடுக்கலாம்னு அதுல எழுதியிருக்கு; அப்ப 500க்கு ஒரு தெருவையே வாங்கியிருக்கலாம். மனு ஏத்துக்கிட்டா உன் சொத்து ரிசீவர் கைக்குப் போகும், வித்துப் பங்கு வைப்பாக. உன்ட்ட என்ன இருக்கு வைக்க, அந்த பேனரா? வக்கீல் பீசுக்கு எட்டாவது கடன் வாங்கணும். 2016ல புதுத் திவால் சட்டம் வந்துது. ஏழைக்கு 'புதுத் தொடக்கம்'னு அதுல அழகா ஒரு பாகம் இருக்கு. வருச வருமானம் 60,000க்குள்ள, சொத்து 20,000க்குள்ள, கடன் 35,000க்குள்ள இருந்து, சொந்த வீடும் இல்லாதவன் கடனத் துடைச்சு விட்டுரலாமாம். ஆனா அந்தப் பாகத்த இன்னும் அமலுக்குக் கொண்டாரல. பந்தியில எல போட்டாச்சு, சோறு இன்னும் அடுப்புல ஏறல. ஏறுனாலும் உன் சம்பளத்துக்கு அந்தப் பந்தியில எடமில்ல.

அதுக்குப் பதிலா மக்கள் நீதிமன்றத்துக்குப் போ. பேங்கும் நீயும் நேருக்கு நேரா உக்காந்து பேசி முடிக்கலாம். கட்டணம் கெடையாது, முடிச்சா முடிச்சதுதான், மேல அப்பீல் இல்ல. இலவச வக்கீல் வேணும்னா சட்டப்பணிகள் ஆணைக்குழு நம்பரு 15100.

தள்ளுபடிக்குக் காத்திருக்கவா? 2021ல கூட்டுறவு சங்கத்துல அஞ்சு பவுனு வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு சர்க்கார் அறிவிச்சுது. வந்துது, இல்லன்னு சொல்லல. ஆனா தகுதி பாத்தப்போ மனக்கோட்டை கட்டுனவுகள்ல பாதிப் பேருக்கு மேல வெளிய நின்னாக. நீ வச்சிருக்கது சேட்டு கடையில. எந்தச் சர்க்கார் வந்து அந்தக் கதவத் தட்டும்?

சரி, தாளத் திருப்பு. பைக்கு போச்சு. அடகு வட்டி போச்சு. அஞ்சு வட்டி 500 ஆச்சு. தண்டல் நூறு நாள்ல முடியும், திருப்பிப் போடாத. அப்ப மாசம் என்ன நிக்கி? கார்டு 2,500, ஆப்பு 3,000, குழு 2,400, சங்கம் 500. ஆக 8,400. இருந்தது 18,500! குழுக்கடனுக்கு ரிசர்வ் பேங்கு ஒரு கணக்கு வச்சிருக்கு: குடும்பம் மாசம் சம்பாதிக்கதுல பாதிக்கு மேல தவணைக்குப் போகக் கூடாது. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து 24,000ன்னா பாதி 12,000. அதுக்குள்ள வந்துட்ட. மிஞ்சுதத ஆப்பு மேலயும் கார்டு மேலயும் போட்டு, வட்டி கூடுதலானவன மொதல்ல சாய். அப்புறம் சங்கத்து அசல். ரெண்டு, ரெண்டரை வருசம் வாயக் கட்டணும், வயித்தக் கட்டணும், பேனர் கட்டக் கூடாது. செய்வியா?

என்னடா, மொகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்கு! காப்பிய முழுசாக் குடி. போகும்போது அந்தத் தாள மடிச்சு சட்டைப் பையில வையி.

இரு. அதுக்கு முன்னால, இந்தா பேனா. ஏழாவதுக்குக் கீழ ஒரு வரி எழுது. எட்டாவது ஆளு.

யாருன்னா முழிக்க? நான் அப்பவே கேட்டேன், நல்லா யோசிச்சுப் பாத்தியான்னு. போன வருசம் பங்குனிப் பொங்கலுக்கு மொத நாளு, இதே கட்டில்ல உக்காந்து, "மாமா, ஒரு வாரத்துல தந்துருதேன்"னு 4,000 வாங்கிட்டுப் போனது யாரு? உங்க அத்த ரெண்டு ஆட்டுக்குட்டி வித்து வச்சிருந்த காசு. இன்னைக்கி வரைக்கும் நான் போன் போட்டேனா, வாசல்ல வந்து நின்னேனா? இல்ல. அதான் உன் தாள்லயே நாங்க இல்ல. இப்பத் தெரியுதா, சத்தம் போடாத கடன் எங்க போயி நிக்கும்னு?

எழுது. அத்தைக்கு 4,000. வட்டி கெடையாது. வட்டி இல்லாததால வரிசையில கடைசி, நான் சொன்ன கணக்கு எனக்கும் பொருந்தும். ஆனா தாள்ல இருக்கணும்டா.